முகமூடி அணியாதவர்: ஜே சில்வர்ஹீல்ஸ் பற்றிச் சில குறிப்புகள்

1949 செப்டெம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'லோன் றேஞ்சர்' தொடர் ஆரம்பமானது. அதன் முதற் கதையில் ஆறு றெக்சஸ் றேஞ்சர்கள் ஒரு கணவாயில் கொள்ளையரின் பதுங்கித் தாக்குதலுக்குள்ளாகி வீழ்கிறார்கள். அவ்வழியே வரும் பூர்வகுடி மனிதர் ஒருவர், குற்றுயிராய்க் கிடக்கும் ஒருவரைக் கண்டு தூக்கிச் சென்று, காயங்களைக் கழுவிக் காப்பாற்றுகிறார். சிறுபராயத்தில் தன் உயிரைக் காத்தவர் இவர்தான் என்பதையும் கண்டுகொள்கிறார். இறந்த ஐவரையும் புதைத்து, கொலைகாரரை ஏமாற்றுவதற்காக வெறுமையான ஆறாவது புதைகுழி ஒன்றையும் அமைக்கிறார். மற்றவர்கள் எங்கே என்று பிழைத்தவர் கேட்கும்போது, எல்லோரும் இறந்துவிட்டார்கள், இனித் தனித்த றேஞ்சர் நீதான் என்ற கருத்துப்பட அவர் பதில் சொல்கிறார். கதாநாயகனுக்கு உயிரும், தொடருக்குப் பெயரும் அவரிடமிருந்தே வருகின்றன.

ஆனால் அந்தப் பெயரைச் சூட்டுவதற்கு அவருக்குத் தரப்பட்ட ஆங்கிலத்தில் வினைச்சொல் இல்லை. 'நான்' என்று வரவேண்டிய இடங்களில் 'என்னை' என்று வரும். காலம் காட்டும் விகுதிகள் இரா. எட்டு வருடங்கள் அவர் இப்படியே பேசினார். பாத்திரத்தின் பெயர் ரொன்ரோ. நடிகரின் பெயர் ஜே சில்வர்ஹீல்ஸ்.

இந்த நாடுகளுக்கு வந்த புதிதில் எங்களிற் பலரும் இப்படித்தான் பேசினோம். தொழிற்சாலை மேற்பார்வையாளரிடமும், குடிவரவு அலுவலகத்திலும், பிள்ளையின் ஆசிரியரிடமும் வினைச்சொல் இல்லாத ஆங்கிலத்தில் எங்கள் வாழ்க்கையை விளக்கினோம். ஆகவே, பழைய கறுப்பு வெள்ளைத் தொடரொன்றின் மறுஒளிபரப்பில் இந்த மனிதரைக் கண்டபோது முதலில் எங்களுக்கு வந்தது சிரிப்பு. பிறகு ஒரு கூச்சம். அவருடைய வரலாற்றைத் தேடிப் படித்த பின்னரே எங்களுக்கும் அவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு புரிந்தது. எங்களது ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்தவர்களின் ஆங்கிலம். ஆகையால் உடைந்திருந்தது. அவருடையதோ ஒன்ராறியோவிற் பிறந்து வளர்ந்த ஒருவரின் முழுமையான ஆங்கிலம். அதை உடைத்துக் காட்டுவதற்காகவே அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஒரு நடிகருக்குக் கொடுக்கப்பட்ட வசனமே அவருடைய மக்களுக்குச் செய்யப்பட்ட அவமதிப்பாக இருக்கும்போது, அவருடைய நடிப்பை எப்படி மதிப்பிடுவது? இக்கேள்விக்காகவே இக்குறிப்புகளை எழுதுகிறோம்.

* * *

சில்வர்ஹீல்ஸ் 1912 மே 26இல் ஹரோல்ட் ஜே சிமித் என்ற பெயருடன் பிறந்தார். பிறந்த இடம் ரொறன்ரோவிலிருந்து தென்மேற்கே, பிரான்ற்போர்ட் நகரை அண்டிய கிராண்ட் நதியோரத்து 'ஆறு தேசங்கள்' ஒதுக்கு நிலம். மோஹோக், கயூகா, செனெக்கா முதலிய ஆறு இனத்தவரின் கூட்டமைப்புக்குரிய நிலம் அது. 'ஒதுக்கு நிலம்' என்றதும், ஆதிகாலந்தொட்டு அங்கேயே இருந்தவர்கள் என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம். உண்மை அதுவல்ல. இவர்களும் போரினால் இடம்பெயர்ந்து வந்தவர்கள். அமெரிக்க விடுதலைப் போரில் இவர்களிற் பெரும்பகுதியினர் பிரித்தானியரின் பக்கம் நின்றார்கள். 1779இல் அமெரிக்கப் படை இன்றைய நியூயோர்க் மாநிலத்திலிருந்த இவர்களின் நாற்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களையும் சோள வயல்களையும் எரித்தது. தோற்ற பிரித்தானியர் 1784இல் கிராண்ட் நதியின் இருகரையிலும் ஆறு மைல் அகலத்துக்கு, ஏறத்தாழ 9,50,000 ஏக்கர் நிலத்தை இழப்பீடாகக் கொடுத்தார்கள். இன்று அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு கூட இவர்களின் கையில் இல்லை. கிச்சினர், வாற்றர்லூ, கேம்பிறிட்ஜ் ஆகிய நகரங்கள் அந்த நிலத்தின்மேல் நிற்கின்றன. எங்களவர் பலர் வீடு வாங்கிக் குடியிருக்கும் நகரங்கள் அவை.

சில்வர்ஹீல்ஸின் தகப்பனார் முதலாம் உலகப் போரில் கனடாவுக்காகப் போரிட்டுக் காயமடைந்து பதக்கம் பெற்ற அதிகாரி. மகனுக்குப் பதினொரு வயதாக இருந்த 1923இல், ஆறு தேசங்களின் தலைவர்களில் ஒருவரான டெஸ்கஹே தன் மக்களின் இறைமைக் கோரிக்கையை எடுத்துக்கொண்டு ஜெனீவாவிலிருந்த சர்வதேச சங்கத்திடம் போனார். அங்கே அவருக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருடமே கனடிய அரசு ஆறு தேசங்களின் பரம்பரைச் சபையைக் கலைத்தது. டெஸ்கஹே 1925இல் எல்லைக்கு அப்பால், அமெரிக்க மண்ணிற் காலமானார். ஜெனீவாவுக்கு மனுக்களோடு போய் வந்த எங்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இளைஞரான சிமித் லக்ரோஸ் ஆட்டக்காரர். லக்ரோஸ் அவருடைய மக்கள் உலகுக்குக் கொடுத்த விளையாட்டு. வேகமாக ஓடியதால் 'வெள்ளிக் குதிகால்' என்ற பட்டப்பெயர் வந்தது. அதுவே பின்னர் அவருடைய பெயராயிற்று. 1930களில் ரொறன்ரோ, பஃபலோ முதலிய நகரங்களின் குழுக்களுக்கு ஆடினார். குத்துச்சண்டையிலும் பெயர் எடுத்தார். ஆட்டச் சுற்றுலா ஒன்றில் லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போனபோது நகைச்சுவை நடிகர் ஜோ ஈ. பிறவுண் அவரைச் சினிமாவுக்கு வரச்சொல்லி ஊக்கப்படுத்தினார். ஏறத்தாழப் பத்து வருடங்கள், பெயர் போடப்படாத கூட்டத்தில் ஒருவராக, குதிரையிலிருந்து விழுபவராக, அம்பு எய்பவராகக் காலம் போனது. 1948இல் வந்த 'கீ லார்கோ' படத்தில், செய்யாத கொலைக்காகச் சுட்டுக் கொல்லப்படும் ஒசியோலா சகோதரர்களில் ஒருவராக வருகிறார். அதிலும் அவருடைய பெயர் இல்லை. அடுத்த வருடம் ரொன்ரோ கிடைத்தது.

* * *

ரொன்ரோவை உண்டாக்கியது தொலைக்காட்சியல்ல, வானொலி. 1933இல் டிற்றோயிற் நகரின் வானொலி நிலையமொன்றில் 'லோன் றேஞ்சர்' நாடகம் தொடங்கியது. வானொலியில் கதாநாயகன் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்க முடியாது. அவன் பேச ஒரு துணை வேண்டியிருந்தது. அந்தத் தேவைக்காகவே ரொன்ரோ பிறந்தது. ஜோன் ரொட் என்ற வெள்ளை நடிகர் அதற்குக் குரல் கொடுத்தார். வானொலித் தொடர் 1954இல் முடியும்வரை அவரே கொடுத்தார். ஆக, தொலைக்காட்சியில் ஒரு மோஹோக் மனிதர் பேசிய உடைந்த மொழி, ஒரு வெள்ளைக்காரரின் வாயிற் பழக்கப்பட்டு வந்தது. பூர்வகுடி ஒருவர், வெள்ளையர் ஒருவர் கற்பனை செய்த பூர்வகுடியைப் பார்த்து நடிக்க வேண்டியிருந்தது. பெயரும் அப்படித்தான். ஸ்பானிய மொழியில் 'ரொன்ரோ' என்றால் முட்டாள். ஸ்பானிய மொழிமாற்றத்தில் அதை 'ரோரோ', அதாவது காளை, என்று மாற்றிவிட்டார்கள்.

தொடரின் 221 கதைகளில் 217இல் சில்வர்ஹீல்ஸ் இருக்கிறார். றேஞ்சராக நடித்த கிளேற்றன் மூர் அவ்வளவு கதைகளில் இல்லை. 1952இல் மூரை நீக்கிவிட்டு ஜோன் ஹார்ட் என்பவருக்கு அதே முகமூடியைப் போட்டுவிட்டார்கள். முகமூடிக்குப் பின்னால் யார் இருந்தாலும் பார்வையாளர் ஏற்றுக்கொள்வார்கள் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. 52 கதைகளின் பின் மூர் திரும்பி வந்தார். இவ்வளவு மாற்றத்துக்குள்ளும் தொடர் அறுபடாமல் நின்றதற்கு ஒரு காரணம் பக்கத்தில் மாறாமல் இருந்த முகம். 1955இல் சில்வர்ஹீல்ஸுக்கு மாரடைப்பு வந்தபோது வேறொருவரை ரொன்ரோவாக்க அவர்கள் துணியவில்லை. றேஞ்சரின் பெறாமகன் பாத்திரத்தைக் கொண்டுவந்து அந்த இடைவெளியை நிரப்பினார்கள். தலைப்பில் இருப்பவரை மாற்ற முடிந்தது. தலைப்பில் இல்லாதவரை மாற்ற முடியவில்லை.

இருந்தும், கதைகளின் முடிவில் யாராவது ஒருவர் அந்த முகமூடி மனிதர் யார் என்று கேட்பார். அதற்குப் பதிலும் கிடைக்கும். கூட வந்த மற்றவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

இதை எழுதும்போது எங்களிடமே ஒன்றைக் கண்டோம். முதற்படியில் றேஞ்சரை 'அவர்' என்றும் ரொன்ரோவை 'அவன்' என்றும் எழுதியிருந்தோம். யோசித்து எழுதியதல்ல, பேனா தானாகவே எழுதியது. யாழ்ப்பாணத்து றீகல் தியேட்டரில் கௌபோய் படம் பார்த்து, குதிரைப் படையின் எக்காளம் கேட்டதும் கைதட்டிய தலைமுறையின் பேனா. 'செவ்விந்தியர்' விழுந்தபோதெல்லாம் விசிலடித்தவர்கள் நாங்கள். பின்னர் எங்கள் ஊர்களுக்குள் படை வந்தபோதும் அந்தக் கைதட்டலை நினைத்துப் பார்க்கவில்லை. முதற்படியைத் திருத்தி எழுதினோம். ஆனால் எங்கள் மொழிக்குள்ளும் அந்த ஏற்றத்தாழ்வு குடியிருக்கிறது என்பதை மறைப்பது நேர்மையாகாது.

* * *

இனி நடிப்புக்கு வருவோம். கதைகளின் வழமையான போக்கில், தகவல் அறிந்துவர ரொன்ரோ தனியே ஊருக்குள் அனுப்பப்படுவார். முகமூடியோடு றேஞ்சர் போக முடியாது. முகமூடி இல்லாத ரொன்ரோ போகலாம். ஆனால் போன இடத்தில் அவருடைய முகமே குற்றமாகிவிடும். சந்தேகிப்பார்கள், அடிப்பார்கள், சிறையில் தள்ளுவார்கள். கதையை எழுதியவர்களுக்கு இது ஒரு வசதியான திருப்பம் மட்டுமே. சில்வர்ஹீல்ஸ் அதை வேறொன்றாக ஆக்குகிறார். மதுச்சாலைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழையும்போது, உள்ளே எத்தனை பேர், வெளியேற எத்தனை வழி என்று முதலில் அவருடைய கண்கள் எண்ணிவிடும். உடம்பு நிமிர்ந்திருக்கும், கைகள் அசையா. சோதனைச் சாவடியைக் கடந்த எவருக்கும் அந்த நிற்கும் விதம் தெரியும். அந்த ஒரு கணத்தில், எழுத்தாளர் எழுதாத ஒரு வரலாறு திரைக்குள் வந்துவிடுகிறது.

அடுத்தது அவர் கேட்கும் விதம். றேஞ்சர் நீளமாகத் திட்டம் விளக்குவார். அந்தக் காலத்துத் துணைநடிகர்கள் இவ்விடங்களில் வியப்பையோ சிரிப்பையோ காட்டிக் கதாநாயகனைப் பெரிதாக்குவார்கள். சில்வர்ஹீல்ஸ் இரண்டையும் செய்வதில்லை. தனக்கு முன்பே தெரிந்த விடயத்தை மற்றவர் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருப்பவர் போல இருப்பார். பிறகு தன்னுடைய நாலு சொற்களைத் தாழ்ந்த குரலில், அவசரமில்லாமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே வைப்பார். இலக்கணம் இல்லாத வாக்கியத்துக்கு ஓர் எடை வந்துவிடும். அவசரமாகச் சொல்லியிருந்தால் அது கோமாளிப் பேச்சாகியிருக்கும். நிதானமே அதைக் காப்பாற்றியது என்பது எமது கணிப்பு.

அதேவேளை, இந்தக் காப்பாற்றலை மிகைப்படுத்தக்கூடாது. நல்ல நடிப்பு கெட்ட வசனத்தை நல்ல வசனமாக்காது. அமெரிக்காவெங்கும் பிள்ளைகள் விளையாட்டில் ரொன்ரோவாகப் பேசினார்கள். அவர்கள் பழகிக்கொண்டது நிதானத்தை அல்ல, இலக்கணப் பிழையை. பூர்வகுடிப் பிள்ளைகள் பாடசாலை முற்றங்களில் அந்தப் பெயரால் பரிகசிக்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சில்வர்ஹீல்ஸின் கண்களைப் பற்றி நாங்கள் எழுதுவதால் எந்த ஆறுதலும் இல்லை. தொடர் ஓடிய 1949 முதல் 1957 வரையான அந்த வருடங்களில், கனடாவில் ஒதுக்கு நிலத்து மக்களுக்குக் கூட்டாட்சித் தேர்தல் வாக்குரிமையும் பொதுவாக இருக்கவில்லை. தங்கள் சட்ட அந்தஸ்தை இழக்காமல் வாக்களிக்கும் உரிமை 1960இல்தான் வந்தது.

* * *

அவரால் என்ன முடியும் என்பதற்கு அதே காலத்தின் ஒரு சான்று இருக்கிறது. 1950இல் டெல்மர் டேவ்ஸ் இயக்கிய 'முறிந்த அம்பு' என்ற படத்தில் சில்வர்ஹீல்ஸ் ஜெரோனிமோவாக நடித்தார். அப்பாச்சிகள் பேசும்போது உங்களுக்குப் புரியும்படி எங்கள் மொழியிலேயே பேசுவார்கள் என்று படத்தின் தொடக்கத்திலேயே கதைசொல்லியான ஜேம்ஸ் ஸ்ருவேர்ட் அறிவித்துவிடுகிறார். எனவே அப்பாச்சிகள் முழு வாக்கியங்களிற் பேசுகிறார்கள். தலைவர் கொச்சீஸ் சமாதானத்தை ஏற்கிறார். ஜெரோனிமோ ஏற்கவில்லை. சபையில் எழுந்து மறுப்பைச் சொல்லிவிட்டு, தன்னோடு உடன்படுபவர்களை அழைத்துக்கொண்டு வெளியேறுகிறார். மிகச் சிறிய பாத்திரம். ஆனால் அந்தக் குரலுக்கு முழு வாக்கியம் கிடைத்தால் என்னவாகும் என்பதை அது காட்டிவிடுகிறது. தொலைக்காட்சியில் வாரந்தோறும் தலையசைத்த அதே மனிதர், இங்கே ஒரு சபையையே பிளக்கிறார். 1952இலும் 1956இலும் வேறு இரண்டு படங்களில் அவர் மீண்டும் ஜெரோனிமோ ஆனார்.

கொச்சீஸாக நடித்து ஒஸ்கார் பரிந்துரை பெற்றவர் புரூக்ளினிற் பிறந்த ஜெஃப் சான்ட்லர் என்ற வெள்ளை நடிகர். பின்னர் அதே கதை தொலைக்காட்சித் தொடரானபோது கொச்சீஸ் பாத்திரம் சிரியாவிற் பிறந்த மைக்கல் அன்சாராவுக்குப் போனது. சமாதானம் செய்யும் பெரிய தலைவர் வேடம் பூர்வகுடி அல்லாதவருக்கு. ஒற்றைக் காட்சிக் கலகக்காரர் வேடம் பூர்வகுடிக்கு. 1958இல் வந்த 'லோன் றேஞ்சர்' திரைப்படத்திலும் இதே ஒழுங்குதான். அதில் தன் பூர்வகுடிப் பிறப்பை மறைத்து வெள்ளையராக வாழும் வைத்தியர் ஒருவர் வருகிறார். அவருடைய ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லை. மறைக்காத ரொன்ரோவின் ஆங்கிலம் உடைந்தபடியே இருக்கிறது. தன்னை மறைத்தவனுக்கே இலக்கணம் என்ற பாடம் படத்தை எடுத்தவர்கள் எண்ணாமலே அதற்குள் இருக்கிறது.

* * *

தொடர் முடிந்தபின் அவருக்கு வேலை குறைந்தது. 'வேகன் ட்ரெயின்', 'றோஹைட்', 'லாரமி', 'டானியல் பூன்' என்று மற்றத் தொடர்களில் ஒரு வாரத்துக்கு வந்து போகும் பூர்வகுடியாக நடித்தார். 1969இல் வெளிவந்த 'ட்றூ கிறிற்' படத்தின் தொடக்கத்தில் தூக்கிலிடப்படும் கைதிகளில் ஒருவர் அவர். மீண்டும் பெயர் போடவில்லை. அதே வருடம் ஜொனி கார்சனின் இரவு நிகழ்ச்சியில் ரொன்ரோவாகவே வேலை தேடி நேர்முகத்துக்கு வருகிறார். முன்னைய வேலையில் என்ன செய்தாய் என்று கார்சன் கேட்க, சமையல், தையல், வேட்டை, இரவுக் காவல், உயிரைப் பணயம் வைத்தல் என்று அதே உடைந்த ஆங்கிலத்தில் முகத்தில் சலனமில்லாமல் அடுக்குகிறார். முப்பது வருட ஊழியத்தின் கணக்கு. பார்வையாளர் விழுந்து சிரிக்கிறார்கள். எங்களுக்கு அதில் ஒரு தொழிலாளியின் முறைப்பாடு கேட்டது. தன் வேடத்தைப் பற்றிய மிகக் கூர்மையான விமர்சனத்தை அந்த வேடத்தின் மொழியிலேயே அவர் செய்துவிட்டார்.

பகிடியோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 1960களின் நடுப்பகுதியில் லொஸ் ஏஞ்சலிஸின் எக்கோ பார்க் பகுதியில் பூர்வகுடி நடிகர்களுக்கான பயிற்சிப் பட்டறை ஒன்றை வேறு சிலரோடு சேர்ந்து தொடங்கினார். பூர்வகுடிப் பாத்திரங்களுக்குப் பூர்வகுடியினரே நடிக்க வேண்டும், அதற்கு அவர்கள் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். தனக்கு மூடியிருந்த கதவில் மற்றவர்களுக்காகக் கைவைத்தவர் அவர். பிற்காலத்தில் குதிரைவண்டிப் பந்தயத்திலும் ஓடினார். 1979இல் ஹொலிவூட் நடைபாதையில் அவர் பெயரில் ஒரு நட்சத்திரம் பதித்தார்கள். 1980 மார்ச் 5இல், தனது 67ஆவது வயதில் காலமானார். அவருடைய சாம்பல் கிராண்ட் நதியோரத்து ஒதுக்கு நிலத்துக்கே திரும்பி வந்தது.

அவரை விலைபோனவர் என்று சொன்னவர்கள் உண்டு. பூர்வகுடியினரின் பெருமை என்று கொண்டாடியவர்களும் உண்டு. இரண்டும் ஒரு தொழிலாளியைச் சின்னமாக்கும் பேச்சு. எங்களிலும் வைத்தியர் உணவகத்திற் கோப்பை கழுவினார், ஆசிரியர் காவலாளி உடுப்புப் போட்டார். அவர்களை நாங்கள் விலைபோனவர்கள் என்று சொல்வதில்லை. அந்த வேலை அவர்களுக்குப் பெருமை என்றும் சொல்வதில்லை. கிடைத்த வேலைக்குள் எதை விட்டுக்கொடுத்தார்கள், எதை விடவில்லை என்றுதான் பார்க்கிறோம். சில்வர்ஹீல்ஸ் மொழியை விட்டுக்கொடுத்தார். நிற்கும் விதத்தை விடவில்லை. பட்டறையின் வாயிலாக, விட்டுக்கொடுத்ததை அடுத்தவர்களாவது மீட்கட்டும் என்று உழைத்தார். விமர்சகர்களாக எங்களாற் சொல்லக்கூடியது இவ்வளவே.

மீட்டவர்கள் அவருடைய ஊரிலிருந்தே வந்தார்கள். ஆறு தேசங்களின் ஒஸ்விகன் கிராமத்திற் பிறந்த கிரகம் கிறீன் (2025இற் காலமானார்), 1990இல் 'ஓநாய்களோடு நடனமாடுபவன்' படத்தில் லக்கோட்டா மொழியில் முழு வாக்கியங்கள் பேசி ஒஸ்கார் பரிந்துரை பெற்றார். அதே ஒஸ்விகனைச் சேர்ந்த கரி ஃபாமர், 1995இல் ஜிம் ஜார்மூஷின் 'இறந்த மனிதன்' படத்தில் 'யாருமில்லை' என்ற பெயருடைய பாத்திரமாக வந்தார். குண்டடிபட்ட வெள்ளையர் ஒருவரைக் கண்டெடுத்துப் பராமரிக்கும் பூர்வகுடி மனிதர் அவர். 1949இன் முதற் கதை திரும்பி வந்தது போலிருக்கும். ஆனால் இவர் அழகான ஆங்கிலம் பேசுகிறார். வில்லியம் பிளேக்கின் கவிதையை மனனமாகச் சொல்கிறார். எதிரிலிருக்கும் வெள்ளையருக்கு, தன் பெயரும் வில்லியம் பிளேக்காக இருந்தும், அது யாருடைய கவிதை என்றே தெரியாது. அவரைப் பார்த்து இவர் திரும்பத் திரும்ப முட்டாள் என்று திட்டுகிறார். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல் என்னவென்று வாசகருக்கு இப்போது தெரியும்.